பகலில் இமை கவிழும்போது

தமிழில் உறக்கத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. துயில், தூக்கம், கண்ணயர்தல், கண் செருகுதல், தூங்கி வழிதல், கோழித் தூக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் இரவின் உறக்கத்துக்கு உரிய சொற்களை நாம் அன்போடு சொல்கிறோம். பகலின் உறக்கத்துக்கு உரியவற்றையோ பெரும்பாலும் ஏளனத்தோடுதான் சொல்கிறோம். மதிய உணவுக்குப் பின் சற்றே தலை சாய்ப்பதற்கு மட்டும் முதியோருக்கு விலக்கு உண்டு. மற்றபடி, பட்டப்பகலில் உட்கார்ந்தபடியே உறங்குகிறவர் சோம்பேறி, அல்லது அக்கறையற்றவர். வள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில், ஒருவனைக் கெடுக்கும் நான்கினுள் துயிலையும் ஒன்றாக எண்ணி, அதைச் சோம்பலின் அருகிலேயே நிறுத்தினார். உழைத்து உண்ண வேண்டிய சமுதாயம் பகல் உறக்கத்தை ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

ஆயினும், மனிதரின் விருப்பத்துக்கும் முயற்சிக்கும் கட்டுப்படாத பகல் உறக்கம் ஒன்று உண்டு. அது சோம்பலும் அன்று, முதுமையின் இயல்பு மட்டுமும் அன்று. பார்க்கின்சன் நோய் உற்றோரிடம் வரும் உறக்கம் அது. நடுக்குவாதம் என்று நம் வைத்தியர்கள் சொல்லும் அந்த நோயோடு எங்கள் வீடு கடந்த 11 ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருகிறது. அதில் நாங்கள் கண்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். இதே உறக்கத்தை வேறொரு பெயரிட்டு அழைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் பல இருக்கக்கூடும்.

எங்கள் தந்தையார் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பாளையங்கோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றில் 34 ஆண்டுகள் பணியாற்றியவர். கரும்பலகையை நோக்கி நின்று எழுதும்போதே, கடைசி பெஞ்சில் கொட்டாவி விடுகிறவனின் பெயரைச் சொல்லி அழைப்பார் என்று அவருடைய பழைய மாணவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவருடைய 66-ஆம் வயதில் கையெழுத்து சிறுத்தது. வரியின் தொடக்கத்தில் பருமனாக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு வரிசைபோல ஆகிவிடும். நடக்கும்போது வலக்கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பின்னர் அதே கை, சும்மா இருக்கும்போது நடுங்கத் தொடங்கியது. நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை தந்தார். நடுக்கமும் இறுக்கமும் பெருமளவு அடங்கின. நான்கைந்து ஆண்டுகள் அவரும் நாங்களும் நிம்மதியாகவே இருந்தோம்.

பார்க்கின்சன் என்றதும் நம் கண்முன் வருவது நடுங்கும் கை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2005-இல் மறையும் வரை, தொலைக்காட்சியில் அவரது நடுங்கும் கையையும் இறுகிப்போன முகத்தையும் கண்டே நம்முள் பலர் இந்நோயை அறிந்துகொண்டோம். நடுக்கம் வெளிப்படையாகத் தெரிவது, இரக்கத்தை எழுப்புவது. நடுங்கும் கையைக் கண்டால் பேருந்தில் எழுந்து இடம் தருவோர் உண்டு. தண்ணீர்க் குவளையைத் தாங்கிப் பிடிப்போர் உண்டு. உறக்கம் அப்படியன்று. அது நோயின் முகத்தோடு வருவதில்லை. அலட்சியத்தின் முகத்தோடு வருகிறது. 

எங்கள் வீட்டுக்கும் அது அப்படியே வந்தது. விரித்த செய்தித்தாள் மடியில் சரியும். தோசையைக் கிள்ளிய கை, தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிடும். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். எழுவாய் வரும், பயனிலை வருமுன் தலை கவிழ்ந்துவிடும். பேரன் கணக்குப் புத்தகத்தோடு வந்து அமர்வான். கேள்வியை அவன் படித்து முடிக்குமுன் தாத்தாவின் இமைகள் மூடியிருக்கும். நெடுநாள் கழித்துப் பார்க்க வந்த உடன்பணியாளர் ஒருவர், பேச்சின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். "என் முகத்தைப் பார்த்தாலே சாருக்குத் தூக்கம் வருகிறதுபோலும்" என்று அவர் வேறோர் இடத்தில் வருந்தியது பிறகு எங்கள் காதுக்கு எட்டியது.

ஞாயிறு திருப்பலியிலும் இதே கதைதான். மறையுரையின்போது உறங்குவதில் தந்தையார் தனியாள் அல்லர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் மற்றவர்கள் விசுவாச அறிக்கைக்கு எழுந்து நிற்கும்போது விழித்துக்கொள்வார்கள். அவர் அமர்ந்தபடியே இருப்பார். ஒரு ஞாயிறு முதல் அவராகவே கோயிலின் கடைசி இருக்கைக்குப் போய்விட்டார். காரணம் கேட்டபோது, "பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்றார். அவர் சொன்ன பிள்ளைகள், இன்று நாற்பதும் ஐம்பதும் வயதான அவருடைய மாணவர்கள். சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார்: "தூக்கம் எனக்கு வருவதில்லை. வந்தால் போ என்று சொல்லலாம். இது சொல்லாமல் கொள்ளாமல் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது."

இதைவிடத் தெளிவாக அந்நோய்க்குறியை விளக்கிவிட முடியாது என்று பின்னர் மருத்துவரே சொன்னார்.

இந்த நோயை முதன்முதலில் தனியொரு நோயாக வகுத்து எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வாழ்ந்த மருத்துவர். 1817-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஆறே ஆறு நோயாளரைப் பற்றியது. அவர்களுள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். நடுக்கத்தையும் கூனிய நடையையும் கூர்ந்து குறித்த அவர், நோயின் இறுதிக் கட்டத்தில் ஓயாத உறக்கம் வந்து கவிவதையும் குறித்திருக்கிறார். ஆனால் அதற்குப் பின் நெடுங்காலம், மருத்துவ உலகின் கண் நடுக்கத்தின்மீதே நிலைத்திருந்தது. உறக்கத்தைத் தனியே எடுத்து ஆராயும் காலம் மிகவும் தாமதித்தே வந்தது.

இந்நோய்க்கான மருந்தின் வரலாற்றிலேயே உறக்கமும் விழிப்பும் பின்னிக் கிடக்கின்றன. 1957-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்ப்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. முயல்கள் காது மடிந்து அசைவற்றுக் கிடந்தன. பிறகு அவற்றுக்கு டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை காது நிமிர்த்தி எழுந்து ஓடின. மூளையில் டோபமின் என்ற இரசாயனம் குறைந்தால் உடல் உறைந்துபோகும், அதை ஈடு செய்தால் உடல் மீண்டும் அசையும் என்ற உண்மைக்கு அந்த முயல்கள் சாட்சியாயின. 1960-இல் வியன்னாவில், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற மருத்துவர் டோபாவை வாய்வழியே சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பெரும் பயன் கண்டார். இன்று உலகெங்கும் தரப்படும் லெவோடோபா மாத்திரை இவ்வாறு வந்ததே. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

முயல்களை எழுப்பிய மருந்துக் குலம் மனிதரை உறங்க வைக்குமா? வைக்கும் என்பதே வியப்புக்குரிய உண்மை. டோபமினைப்போல நடித்து மூளையைத் தூண்டும் மாத்திரைகள் பின்னாளில் வந்தன. பிரமிபெக்சால், ரோபினிரோல் ஆகியவை அவ்வகை. 1999-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், இம்மாத்திரைகளை உட்கொண்டு வந்த 8 பார்க்கின்சன் நோயாளர், வண்டி ஓட்டும்போதே உறங்கி விபத்துக்குள்ளான செய்தி வெளியாயிற்று. அதன் பிறகுதான் பகல் உறக்கம் மருத்துவர்களின் கேள்விப் பட்டியலில் உரிய இடம் பெற்றது. இவ்வகை மாத்திரைகள் கையையும் காலையும் விடுவிக்கின்றன. சிலருக்கு அதற்கு விலையாகக் கண்ணை மூடிவிடுகின்றன. லெவோடோபாவும் ஓரளவு உறக்கம் தரக்கூடியதே.

ஆனால் எல்லாப் பழியையும் மாத்திரையின்மேல் போட்டுவிட முடியாது. நோயே விழிப்பின் அடித்தளத்தை அரிக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் உலகில் ஒரு விந்தையான மூளைக்காய்ச்சல் பரவியது. மக்கள் வாரக்கணக்கில் உறங்கினார்கள். 1917-இல் வியன்னாவில் அதை விவரித்த வான் எகனாமோ, இறந்தோரின் மூளையை ஆராய்ந்து, விழிப்பைக் காக்கும் இடம் ஒன்று மூளையின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அக்காய்ச்சலில் பிழைத்தோருள் பலர் பிற்காலத்தில் பார்க்கின்சன் போன்ற இறுக்கத்துக்கு ஆளாயினர். அவர் சுட்டிய அந்தப் பகுதியிலேயே, மனிதரை விழிப்பில் நிறுத்தும் ஹைப்போகிரெட்டின் என்னும் பொருள் சுரக்கிறது என்பது 1998-இல் தெரியவந்தது. பார்க்கின்சன் நோயால் இறந்தோரிடம் அதைச் சுரக்கும் உயிரணுக்கள் குறைந்திருப்பதை 2007-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. விளக்கை ஏற்றி வைக்கும் கையே தளர்ந்துபோனால், விளக்கு அணைந்ததற்காக யாரைக் கடிவது?

இவற்றையெல்லாம் மருத்துவர் ஒரே நாளில் எங்களுக்குச் சொல்லிவிடவில்லை. அவர் முதலில் செய்தது, எட்டுக் கேள்விகள் கேட்டதுதான். ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகர மருத்துவர் முர்ரே ஜான்ஸ், தாம் பணியாற்றிய எப்வர்த் மருத்துவமனையின் பெயரால் 1991-இல் வகுத்த அளவுகோல் அது. உட்கார்ந்து வாசிக்கையில், தொலைக்காட்சி பார்க்கையில், பொது இடத்தில் சும்மா அமர்ந்திருக்கையில், ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கையில் என எட்டு நிலைகள். ஒவ்வொன்றிலும் உறங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை எண் இட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கவனிக்கத்தக்க பகல் உறக்கம் என்று கொள்வார்கள். எங்கள் தந்தையார் 17 பெற்றார். "வாழ்நாளில் முதல் முறையாக மதிப்பெண் குறைய வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்" என்றார் அந்தக் கணக்கு ஆசிரியர்.

பிறகு மருத்துவர் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். இரண்டு வாரம், எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எப்போது உணவு, எப்போது உறக்கம், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று எழுதி வர வேண்டும். அந்த நோட்டுப் புத்தகம் எங்களுக்குப் பெரிய ஆசானாயிற்று.

முதலாவதாக, பகலின் கதை இரவிலேயே தொடங்குகிறது என்பதை அது காட்டியது. உடல் இறுகியிருப்பதால் அவரால் படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை. சிறுநீர் கழிக்க நான்கு முறை எழுந்தார். இதைவிட விந்தையானது ஒன்றும் இருந்தது. உறக்கத்தில் அவர் வருகைப் பதிவேட்டை உரத்து வாசித்தார், கையை வீசினார், சில நாள் காலால் உதைத்தார். கனவு காணும் வேளையில் உடல் அசையாதிருக்கும்படி மூளை இட்டு வைத்திருக்கும் பூட்டு, இந்நோயாளர் பலரிடம் கழன்றுவிடுகிறதாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மருத்துவர்கள் 1986-இல் விவரித்த நிலை இது. நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பேகூட இது தோன்றலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இவர் பணி ஓய்வு பெறுவதற்கு முன்பே உதைக்கத் தொடங்கிவிட்டாரே" என்றார். ஓய்வுபெற்ற ஆண்டைக் கேட்டு, மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார்.

இரண்டாவதாக, உணவு. மதிய உணவு உண்ட அரை மணிக்குள் கண் செருகியது. படுத்தும் நின்றும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்ததில், நிற்கும்போது அது வெகுவாகத் தாழ்ந்தது. வயிறு நிறைய உண்ட பின்னும் அவ்வாறே தாழக்கூடும் என்றார் மருத்துவர். இறுதியாக, மாத்திரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூட்டிச் சேர்த்திருந்த அந்த இரண்டாம் வகை மாத்திரையை விழுங்கிய ஒரு மணி நேரத்தில், காலையும் மாலையும் தவறாமல் தந்தையாரின் தலை கவிழ்ந்தது. நோட்டுப் புத்தகத்தில் அது கடிகாரம்போலத் தெரிந்தது.

இங்கேதான் எங்கள் குடும்பம் ஒரு முடிச்சுக்கு முன் வந்து நின்றது. அந்த மாத்திரையைக் குறைத்தால் பகல் விழிப்பு மீளலாம். ஆனால் நடுக்கமும் இறுக்கமும் கூடும். அதை அப்படியே விட்டால் நடை நன்றாயிருக்கும்; ஆனால் பகலின் பெரும்பகுதி உறக்கத்தில் கழியும். இரண்டில் எது வாழ்வு? எங்களுள் மூத்தவர், "நடக்க முடியாமல் விழுந்து இடுப்பு முறிந்தால் என்ன செய்வது?" என்றார். இளையவள், "அப்பா நம்மோடு இருக்கிறார், ஆனால் இல்லை. எனக்கு அப்பாவோடு பேச வேண்டும்" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மருத்துவரோ எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியைத் தந்தையாருக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, "ஐயா, இது உங்கள் உடம்பு. உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்டார். மறுமொழி வருவதற்கு நேரமாயிற்று. இந்நோயில் சொற்களும் மெல்லவே வரும். மருத்துவர் காத்திருந்தார். வெளியே காத்திருந்தோர் வரிசை நீண்டிருந்தும் காத்திருந்தார்.

"கை நடுங்கினால் நடுங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்றார் தந்தையார். "கண்ணே மூடிவிட்டால் எதைப் பார்ப்பது? இருக்கிற கொஞ்ச நாளை விழித்திருந்து பார்த்துவிடுகிறேன்."

அதற்குப் பின் யாரும் வாதிடவில்லை. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரக்கணக்கில், படிப்படியாகவே மருத்துவர் குறைத்தார். இதை வாசிக்கும் அன்பர்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரை எதையும் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் இறுக்கமும் காய்ச்சலும் உயிருக்கே ஆபத்தும் நேரக்கூடும். எங்கள் தந்தையாருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்த வேண்டும் என்பதும் இல்லை; அவரவர் உறக்கத்தின் காரணம் வெவ்வேறாகலாம். குறட்டையோடு மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு, வேறு நோய்களுக்கு உண்ணும் மருந்து ஆகியவையும் காரணமாகலாம். மருத்துவரிடம் சொன்னால்தான் தேட முடியும். சொல்லாமல் விடப்படுகிறது என்பதே இதில் துயரம். "வயதாகிவிட்டது, தூங்குகிறார்" என்று வீடு முடித்துவிடுகிறது. நோயாளரோ நாணத்தால் வாய் திறப்பதில்லை.

மாத்திரையோடு வேறு சிலவும் மாறின. மதிய உணவைச் சிறு பங்குகளாகப் பிரித்தோம். பகலில் ஒரே உறக்கம், அரை மணி நேரம், பிற்பகல் மூன்று மணிக்கு முன் என்று வரையறுத்தோம். காலையில் திண்ணையில் இளவெயில் படும்படி நாற்காலியைப் போட்டோம். வெளிச்சத்துக்கும் விழிப்புக்கும் உள்ள உறவு வெறும் பாட்டி வைத்தியம் அன்று. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 31 நோயாளர் இரண்டு வாரம் நாள்தோறும் இருவேளை, ஒவ்வொரு மணி நேரம் விளக்கொளியின் முன் அமர்ந்தனர். மங்கிய செவ்வொளி பெற்றவர்களைவிட, பேரொளி பெற்றவர்களுக்குப் பகல் உறக்கம் நன்கு குறைந்ததாம். எங்கள் ஊரில் அந்தப் பேரொளி காசின்றிக் கிடைக்கிறது.

காப்பியைப் பற்றியும் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பகல் உறக்கம் மிகுந்த 61 பார்க்கின்சன் நோயாளருக்குக் காப்பியின் சத்தான கஃபீனை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உறக்கத்தில் உறுதியான மாற்றம் ஏதும் தென்படவில்லை. மருத்துவர் இதைச் சொன்னபோது தந்தையாரின் முகம் வாடியது. "குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே" என்றார் மருத்துவர். காலைக் காப்பி தொடர்கிறது. மருந்தாக அன்று, காப்பியாகவே.

சில காவல்களும் வேண்டியிருந்தன. முழு விழிப்பில் இருக்கும்போது மட்டுமே உணவு. அரைத் தூக்கத்தில் ஊட்டினால் சோறு மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயம் உண்டு. ஸ்கூட்டரை அவர் முன்பே விட்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை; ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள்" என்றார். அந்தச் சாவி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நோயாளரின் பகல் உறக்கத்துக்குப் பின்னே வீட்டாரின் இரவு விழிப்பு ஒன்றும் உண்டு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புரட்டிப் படுக்க வைக்கவும், கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லவும் அம்மா இரவில் நான்கைந்து முறை எழுந்தார். அவருக்கும் வயது 72. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த மருத்துவர், "இதில் அம்மா எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எழுதவில்லையே" என்றார். அன்று முதல் இரவுகளைப் பங்கிட்டுக்கொண்டோம். வெளியூரில் உள்ளவர்கள் விடுமுறையில் வந்து தம் பங்கை ஈடு செய்கிறார்கள். வாரத்தில் நான்கு இரவு அம்மா அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறார். முதல் வாரம் அவருக்கு உறக்கமே வரவில்லையாம். உதை விழாத படுக்கை பழகவில்லை என்றார்.

இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். புதுமை ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. எட்டுக் கேள்விகளில் அவர் இப்போது பெறுவது 11. மாலையில் இன்னும் தலை கவிழத்தான் செய்கிறது. வலக்கை முன்னைவிட நடுங்குகிறது. சட்டைப் பொத்தானைப் பிறர்தான் போட்டுவிட வேண்டும். அறையைக் கடக்கச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இந்த நோய் பின்வாங்கும் நோய் அன்று. இன்னும் சில ஆண்டுகளில் கணக்கு மீண்டும் மாறலாம், அப்போது அவரிடமே மீண்டும் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை அவர் தெளிவாக இருக்கிறார். அந்த மூன்று மணி நேரத்தில் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறார். சனிக்கிழமைகளில் பேரனுக்கு அல்ஜீப்ரா நடக்கிறது. கை நடுங்குவதால் தாத்தா சொல்ல, பேரன் எழுதுகிறான். "விடையைச் சொல்லாதீர்கள் தாத்தா, வழியை மட்டும் சொல்லுங்கள்" என்பான் அவன். தாத்தாவுக்கு அதைவிட இனிய சொல் வேறில்லை.

பார்க்கின்சன் நோயாளருள் பகல் உறக்கத்தால் வருந்துவோரின் அளவு, ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், சிறிதன்று. சில ஆய்வுகளில் பாதிப்பேர் வரை போகிறது. ஆகவே, நம் பங்குகளிலும் தெருக்களிலும் அத்தகையோர் இருப்பது உறுதி. அவர்களைப் பார்க்கச் செல்வோருக்கு ஒரு சிறு வேண்டுகோள். போகுமுன், எந்த நேரத்தில் அவர் விழித்திருப்பார் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பேச்சின் நடுவே கண் மூடினால், அது உங்கள்மேல் உள்ள வெறுப்பு அன்று. உங்கள் பேச்சின் சுவைக்குறைவும் அன்று. தோளைத் தட்டி வேடிக்கை செய்யாதீர்கள். "கொடுத்து வைத்தவர், நன்றாகத் தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள். அவர் பலவேளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டம்மாவிடம், "நேற்றிரவு நீங்கள் தூங்கினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முன்பு வருந்திச் சென்ற அந்த உடன்பணியாளருக்கு நாங்கள் செய்தி சொல்லி அனுப்பினோம். அவர் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார். இருவரும் பழைய தலைமையாசிரியரைப் பற்றியும், 1992 பெருவெள்ளத்தைப் பற்றியும், பள்ளி வேப்பமரத்தைப் பற்றியும் பேசினார்கள். பத்தரை மணியளவில் தந்தையாரின் கண்கள் ஒருமுறை மூடின. நண்பர் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துத் தந்தையார் விழித்தபோது, எதிர் நாற்காலியில் நண்பர் இருந்தார்.

"நான் எங்கே விட்டேன்?" என்றார் தந்தையார்.

"வேப்பமரத்தில்" என்றார் அவர். பேச்சு அங்கிருந்து தொடர்ந்தது.